இலை உதிர்வதும் வெளிச்சக் கணக்கும்

நர்சரியில் அடர்ந்து நின்ற பைக்கஸ் பெஞ்சமினா, வீட்டு ஹாலுக்கு வந்து இரண்டு வாரம் ஆவதற்குள் இலையைக் கொட்டத் தொடங்கிவிடும். பழுத்தவை மட்டுமல்ல, பச்சை இலைகளும் கை பட்டாலே விழும். வாங்கியவர் பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றுவார். உதிர்வு நிற்காது. உரம் வைப்பார். அதற்கும் நிற்காது. பெரிய தொட்டிக்கு மாற்றுவார், பிறகு வேறு மூலைக்கு நகர்த்துவார். இந்த நான்கில் ஒன்றுகூட அந்த நேரத்தில் செடிக்குத் தேவைப்பட்டிருக்காது. வீட்டுக்குள் வளரும் செடிகள் இலை உதிர்வதால் சாவது குறைவு. உதிர்வதைக் கண்டு நாம் செய்யும் அவசர வைத்தியத்தால் சாவதே அதிகம் என்பது என் கருத்து. அந்த அவசரம் அடங்க வேண்டுமானால், இலை எப்படி உதிர்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இலை முதுமையடைந்து தானாக ஒடிந்து விழுவதாகத்தான் நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது செடி முனைந்து செய்யும் வேலை. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில், சிறிய உயிரணுக்களால் ஆன மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு. இலை நலமாக இருக்கும்வரை அதன் பரப்பிலிருந்து ஆக்ஸின் என்னும் வளர்ச்சி ஊக்கி காம்பு வழியே ஓயாமல் இறங்கிக்கொண்டிருக்கும். அந்த வரத்து இருக்கும்வரை அடுக்கு சும்மா கிடக்கும். வரத்து குறைந்ததும் அங்குள்ள உயிரணுக்கள் எத்திலீன் வாயுவுக்கு இணங்கத் தொடங்கும். செல்லுலேஸ் போன்ற நொதிகளைச் சுரந்து, தங்களைப் பிணைத்திருக்கும் சுவர்களைக் கரைக்கும். இலையின் எடையோ மின்விசிறிக் காற்றோ மீதி வேலையை முடித்துவிடும். தண்டுப் பக்கத்தில் தக்கைப் படலம் ஒன்று உருவாகிக் காயத்தை மூடும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். கோலியஸ் செடியில் ஓர் இலையின் பரப்பை மட்டும் கத்தரித்துவிட்டுக் காம்பை அப்படியே விட்டுவையுங்கள். சில நாள்களில் காம்பு தானாகக் கழன்று விழும். வெட்டிய நுனியில் ஆக்ஸின் தடவினால் அது விழாமல் நிற்கும் என்பதை 1930களிலேயே தாவரவியலாளர்கள் செய்து காட்டிவிட்டார்கள்.

இதில் செடி வளர்ப்பவருக்குப் பயன்படும் ஒரு செய்தி அடங்கியிருக்கிறது. உதிர்க்கும் வேலையைச் செய்ய உயிருள்ள திசு வேண்டும். திடீரென்று செத்துப்போன கிளையில் இலைகள் காய்ந்து சருகாகி அங்கேயே தொங்கும், விழாது. இலை கழன்று தரையில் விழுகிறது என்றால் கிளை உயிரோடு இருக்கிறது, தன் செலவைக் குறைத்துக்கொள்கிறது என்று பொருள். இரண்டில் நாம் அஞ்ச வேண்டியது முதலாவதைக் கண்டு.

எத்திலீனின் பங்கு வெளிப்பட்டது தெருவிளக்குகளால். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்கள் நிலக்கரியிலிருந்து எடுத்த வாயுவைக் குழாயில் கொண்டுவந்து விளக்கெரித்தன. குழாய் கசிந்த தெருக்களில் மரங்கள் பருவம் தவறி இலை உதிர்ப்பதை 1864இல் ஜிரார்தன் பதிவு செய்தார். 1901இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் திமித்ரி நெல்யூபோவ், ஆய்வகக் காற்றில் பட்டாணி முளைகள் கோணிக்கொண்டு வளர்வதற்கு அந்த வாயுவிலுள்ள எத்திலீனே காரணம் என்று கண்டறிந்தார். அது இலையை உதிர்க்கவும் செய்யும் என்று 1917இல் சாரா டவுட் காட்டினார். பழுக்கும் பழம் தானே எத்திலீனை வெளிவிடுகிறது என்பதை 1934இல் ரிச்சர்ட் கேன் நிறுவினார். விக்டோரியா காலத்து லண்டனில் வாயுவிளக்கு எரிந்த வரவேற்பறைகளில் நிலைத்து நின்ற செடிகள் மிகச் சில. அஸ்பிடிஸ்ட்ரா அவற்றில் ஒன்று. அந்தத் தாக்குப்பிடிப்பால்தான் வார்ப்பிரும்புச் செடி என்று அதற்குப் பெயர் வந்தது.

நம் ஊரில் வாழைத்தாரை அடைத்த அறையில் புகை மூட்டம் போட்டுப் பழுக்கவைக்கும் வழக்கமும் இதே வாயுவைக் கொண்டுதான் நடக்கிறது. புகையில் எத்திலீன் இருக்கிறது. காற்றோட்டமுள்ள ஹாலில் ஒரு சீப்பு பழம் இருப்பதால் செடிக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் பூட்டிய ஏ.சி. அறையில் மாம்பழக் கூடையையும் பைக்கஸ் தொட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமலிருப்பது நல்லது. வெளிச்சம் போதாமல் தவிக்கும் செடி எத்திலீனுக்கு இன்னும் எளிதாக வசப்படும்.

வெளிச்சம்தான் இந்தக் கேள்வியின் மையம். மற்ற காரணங்கள் பலவும் அதைச் சுற்றியே வருகின்றன.

நண்பகல் வெயில் விழும் மொட்டைமாடியில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் வெளிச்சம் இருக்கும். பாதி வெயிலைத் தடுக்கும் பச்சை நிழல்வலைக்குக் கீழே 50,000. நேர் வெயில் படாத சன்னலோரத்தில் சில ஆயிரம். ஹாலின் நடுவில், நமக்குச் செய்தித்தாள் படிக்கத் தாராளமாகப் போதும் என்று தோன்றும் இடத்தில், 100 முதல் 300 வரைதான். நம் கண் பாவையை விரித்து இந்த வீழ்ச்சியைச் சரிக்கட்டிவிடுகிறது. அதனால் அறை வெளிச்சமாக இருப்பதாகவே நமக்குப் படுகிறது. கைபேசியில் வெளிச்சத்தை அளக்கும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. துல்லியம் குறைவு என்றாலும் சன்னலுக்கும் சோபாவுக்குப் பின்னாலுள்ள மூலைக்கும் இடையே எத்தனை மடங்கு வேறுபாடு என்பதைக் காட்ட அவை போதும்.

ஒவ்வோர் இலையும் ஒரு வரவுசெலவுக் கணக்கு. பகலில் ஒளிச்சேர்க்கையால் சர்க்கரை சம்பாதிக்கிறது. இரவும் பகலும் சுவாசத்தில் அதைச் செலவழிக்கிறது. வெளிச்சம் குறையக் குறைய வரவு சுருங்கி, ஓர் அளவில் செலவுக்குச் சமமாகும். அதற்கும் கீழே போனால் இலை மற்ற பாகங்களின் சேமிப்பைத் தின்னும் கடனாளியாகிவிடும். வெயிலில் முளைத்து முற்றிய இலை தடித்தது. அடுக்கடுக்காக உயிரணுக்கள் கொண்டது. அதைக் கட்டிக்காக்க ஆகும் செலவும் அதிகம். நிழலில் முளைத்த இலை மெல்லியது, சிக்கனமானது. வெயில் இலை முற்றிய பிறகு நிழல் இலையாக மாறிக்கொள்ள வழி கிட்டத்தட்ட இல்லை. ஆகவே செடி பழையதைக் கழித்துவிட்டு, புதிய இடத்துக்கு ஏற்ற இலைகளைப் புதிதாக விடுகிறது. பைக்கஸ், குரோட்டன் போன்றவை இடம் மாறியதும் கொட்டுவதில் பெரும்பகுதி இதுதான். பைக்கஸின் உறவான அரச மரமும் கோடைக்கு முன் மொட்டையாகி, செந்தளிர் விட்டு நிற்பதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். அதைக் கண்டு யாரும் பதறுவதில்லை. வீட்டுத் தொட்டியிலுள்ள அதன் உறவுக்கும் கொஞ்சம் அவகாசம் கொடுக்கலாம்.

இந்தச் சிக்கலுக்கு விடை 1970களிலேயே கிடைத்துவிட்டது. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தின் அபோப்காவிலுள்ள பல்கலைக்கழக ஆய்வு நிலையத்தில் சார்லஸ் கானோவரும் ரிச்சர்ட் பூலும் அலங்கார இலைச்செடிகளை விற்பனைக்கு முன்பே நிழலுக்குப் பழக்கும் முறையை ஆராய்ந்தார்கள். வெயிலைப் படிப்படியாகக் குறைத்து, உரத்தையும் குறைத்து, அந்த நிழலிலேயே புது இலை விடவைத்து அனுப்பினால் வீட்டுக்குள் போன பிறகு உதிர்வது வெகுவாகக் குறைகிறது. அந்த நாட்டு அலங்காரச் செடி வணிகத்தில் இது நடைமுறையாகிவிட்டது. நம் ஊரிலோ சாலையோர வெயிலில் நின்ற தொட்டி அன்று மாலையே ஏ.சி. அறைக்குள் போய்விடுகிறது. நர்சரி செய்யாததை வாங்கியவர் செய்ய வேண்டும்: முதல் இரண்டு மூன்று வாரம் பால்கனி நிழல், பிறகு சன்னலோரம், அங்கே புதிய இலை வந்த பிறகே அறைக்குள் இன்னும் சற்றுத் தள்ளி. வாங்கும்போதே நர்சரியின் உட்பக்க நிழலில் நெடுநாள் நின்ற செடியைக் கேட்டு வாங்குவது அதைவிட எளிது. அது பார்க்கக் கொஞ்சம் மெலிவாக இருக்கும். இருக்கட்டும்.

வெளிச்சம் குறைந்த இடத்தில் செடி உறிஞ்சும் தண்ணீரும் குறைகிறது. வாசலில் தினமும் ஒரு சொம்பு குடித்த செடிக்கு ஹாலில் வாரம் ஒரு சொம்பே அதிகமாகலாம். ஊற்றும் கை மட்டும் பழைய அளவை விடுவதில்லை. தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று நாம் சொல்வதில் பாதி, உண்மையில் வெளிச்சம் குறைந்துவிட்டது என்பதுதான்.

தண்ணீர் தேங்கினால் வேர் ஏன் கெடுகிறது? வேரும் சுவாசிக்கிறது, அதற்கு மண்ணின் இடுக்குகளிலுள்ள காற்று வேண்டும். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. மூச்சுமுட்டும் வேர் எத்திலீனுக்கு முன்வடிவமான ஒரு சேர்மத்தை உண்டாக்குகிறது. எத்திலீனாக மாற அதற்கு ஆக்சிஜன் வேண்டும். வேரில் அது இல்லாததால் தண்ணீரோடு மேலேறி, இலைப் பக்கம் போய் எத்திலீனாகிறது. தக்காளிச் செடியில் இந்தப் பயணத்தைக் கென்ட் பிராட்ஃபோர்டும் ஷாங் ஃபா யாங்கும் 1980இல் விளக்கினார்கள். வேர் கெட்ட செய்தி முதலில் இலையில் தெரிவது இப்படித்தான். அதற்குள் பித்தியம் போன்ற அழுகல் பூசணங்களும் வேரில் குடியேறியிருக்கும். அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்ச முடியாததால், ஈரத்தில் நிற்கும் செடி வறட்சியில் நிற்பதைப் போலவே வாடும். அந்த வாட்டத்தைப் பார்த்து மறுபடியும் ஊற்றுவதுதான் பலமுறை கடைசி அடியாகிறது.

ஆகவே ஊற்றும் முன் விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் ஊற்ற வேண்டாம். சிறிய தொட்டியானால் தூக்கிப் பார்க்கலாம். ஊற்றிய அன்றைக்கும் காய்ந்த அன்றைக்கும் உள்ள எடை வேறுபாடு கைக்குச் சீக்கிரம் பழகிவிடும். அழகுக்காக வைக்கும் வெளித்தொட்டியின் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். அது சரியல்ல. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளிகள் கொண்ட கல்லுக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. மண்ணின் கீழ்விளிம்பில் நிறைந்து நிற்கும். கல் போட்ட உயரத்துக்கு அந்தச் சேற்று அடுக்கு மேலே வந்து வேரை நெருங்கும், அவ்வளவுதான். கல்லுக்குப் பதில் மண் கலவை முழுவதையும் பொலபொலப்பாக்க வேண்டும். தனிச் செம்மண் தொட்டியில் இறுகிவிடும். தென்னைநார்க் கழிவும் மட்கிய எருவும் சமமாகச் சேர்த்து, பெர்லைட்டோ செங்கல் சில்லோ கலந்தால் காற்றோட்டம் நிற்கும். மண்தொட்டியின் சுவர் ஈரத்தைக் கசியவிடும் என்பதால் தண்ணீர் ஊற்றுவதில் கை தாராளமானவர்களுக்கு அதுவே ஏற்றது.

அழுகல் என்று ஐயம் வந்தால் செடியை மெல்லக் கவிழ்த்து வேரைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. வெளிர் நிறத்தில் விறைப்பாக இருந்தால் நலம். பழுப்பேறி, கொழகொழத்து, இழுத்தால் தோல் உரிந்து வந்தால் அழுகல். கெட்டதைச் சுத்தமான கத்தரியால் நீக்கி, மிஞ்சிய வேர் கொள்ளும் அளவான சிறிய தொட்டியில் புதிய கலவையில் நட வேண்டும். பெரிய தொட்டியின் மிச்ச மண்ணில் உறிஞ்ச வேரில்லாத ஈரம்தான் தங்கும். வேர் பெரும்பாலும் போய்விட்டதானால் நல்ல தண்டை வெட்டிப் பதியன் வைத்துக்கொள்வதே பிழைக்கும் வழி. மணி பிளான்ட், டிரசீனா, ரப்பர் செடி எல்லாமே தண்டிலிருந்து வேர் விடக்கூடியவை.

உண்மையான வறட்சியால் உதிர்வது அடையாளம் காண எளிது: தொட்டி எடையற்றிருக்கும், மண் ஓரத்தை விட்டு விலகியிருக்கும், ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியே அப்படியே வெளியேறிவிடும். தொட்டியை வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து வடியவிட்டால் போதும்.

தண்ணீரின் அளவு சரியாக இருந்தாலும் தரம் செடியைக் கெடுக்கும். ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்து நிற்கும்; இலை நுனி கருகும். மாதம் ஒருமுறை தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு நல்ல நீரை ஊற்றி அடி வழியே ஓடவிட்டால் உப்பு கழியும். மழைக்காலத்தில் தொட்டிகளை ஓரிரு மழையில் நனையவிடுவது இன்னும் நல்லது. டிரசீனாவும் ஸ்பைடர் பிளான்ட்டும் ஃபுளோரைடுக்கு மிகவும் கூசும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அந்த நீரில் மனிதப் பல்லுக்கு நேர்வதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். டிரசீனாவின் நுனி கருகுவதும் அங்கே அதே நீரால் இருக்கலாம். அத்தகைய ஊரில் இந்தச் செடிகளுக்கு மழைநீரோ ஆர்.ஓ. நீரோ ஊற்ற வேண்டும், சூப்பர் பாஸ்பேட் உரத்தைத் தவிர்க்க வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஏ.சி.யின் 24 டிகிரி எந்த வெப்பமண்டலச் செடிக்கும் குளிரல்ல. ஆனால் அதன் காற்று நேராக இலையில் அடித்தால் ஈரம் பறிபோகும். இரண்டடி நகர்த்தினாலே தீரும். இலையில் தண்ணீர் தெளிப்பது சில நிமிட ஈரத்துக்கு மேல் உதவாது. அடியிலையில் ஒன்றிரண்டு மஞ்சளாகி விழுவது முதுமை. அதிலுள்ள தழைச்சத்தைச் செடி உறிஞ்சிக்கொண்டுதான் உதிர்க்கிறது. இலையடியில் நூலாம்படையும் மேலே ஊசிமுனைப் புள்ளிகளும் இருந்தால் செஞ்சிலந்தி. கணுக்களில் வெள்ளைப் பஞ்சு இருந்தால் மாவுப்பூச்சி. இரண்டையும் முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவி, பிறகு லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சில துளி சோப்புக் கரைசலோடு கலந்து, வாரம் ஒருமுறை மாலை வேளையில் அடிக்கலாம்.

காரணத்தைக் கண்டு நீக்கிய பிறகு செய்ய வேண்டியது காத்திருப்பது. மொட்டையான கிளையை நகத்தால் லேசாகக் கீறினால் உள்ளே பச்சை தெரியும். தெரியாத கிளையைப் பச்சை வரும் இடம்வரை வெட்டிவிடலாம். பைக்கஸ் துளிர்க்க ஒரு மாதம் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். அதுவரை இடத்தை மாற்ற வேண்டாம், உரமும் வேண்டாம். இலை இல்லாத செடி உரத்தை எடுத்துக்கொள்ளாது, அது உப்பாக மண்ணில் தங்கும். இலை குறைந்ததால் தண்ணீரும் முன்னைவிடக் குறைவாகவே வேண்டும். கூட்ட வேண்டியது வெளிச்சம் ஒன்றைத்தான். சன்னல் இல்லாத இடமானால் சாதாரண வெள்ளை எல்.இ.டி. விளக்கே போதும், செடிக்கு ஓரடி உயரத்தில், நாளுக்கு 12 மணி நேரம் எரிய வேண்டும். கூரையில் எரியும் விளக்கைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. தூரம் இரட்டிப்பானால் ஒரு சிறு விளக்கின் வெளிச்சம் கால்பங்காகிவிடும்.

இந்தக் காரணங்கள் எல்லாம் ஒரே தொட்டியில் கூடிவருவதைப் பார்க்க வேண்டுமானால் டொரொண்டோவிலோ லண்டனிலோ தமிழர் வீடுகளில் பனிக்காலம் கழிக்கும் கறிவேப்பிலையைப் பார்க்க வேண்டும். ஊரிலிருந்து பிரிந்து வந்தவர்கள் அதை ஒரு சமையல் பொருளாக மட்டும் வளர்ப்பதில்லை. அது உதிரும்போது அவர்களுக்கு உண்டாகும் வருத்தம் பெரியது. யாழ்ப்பாணத்தில் டிசம்பர் மாதத்து மிகக் குறுகிய பகலும் 11½ மணி நேரம் நீளும். டொரொண்டோவில் அது 9 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு, அதுவும் சாய்ந்த மங்கல் வெயில். வீட்டைச் சூடாக்கும் காற்று ஈரப்பதத்தை உறிஞ்சிவிடுகிறது. வறண்ட காற்றில் செஞ்சிலந்தி பெருகுகிறது. சன்னல் கண்ணாடியோ சில்லிட்டுக் கிடக்கிறது.

கறிவேப்பிலைக்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று, 12 முதல் 15 டிகிரி குளிர்ச்சியான, ஓரளவு வெளிச்சமுள்ள அறையில் உறங்கவிடுவது. இலை பெரும்பாலும் கொட்டும், அது தவறில்லை. மண் அடிவரை காயவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், உரம் அறவே இல்லை. மற்றது, விளக்கு மாட்டி, வெதுவெதுப்பான அறையில் விழித்திருக்கச் செய்வது. சூடு மட்டும் இருந்து வெளிச்சம் இல்லாத அறைதான் மிக மோசம். சூட்டில் சுவாசச் செலவு ஏறுகிறது, இருட்டில் வரவு இல்லை. கணக்கு இரண்டு பக்கமும் கெடுகிறது. செடிக்குக் குளிருமே என்று அன்போடு ஹீட்டர் அருகில் கொண்டுபோய் வைப்பவர்கள் இதை அறியாமல் செய்கிறார்கள்.

புளித்த மோர் ஊற்றும் வழக்கத்தையும் பனிக்காலத்தில் நிறுத்திவிட வேண்டும். ஊரில் கொல்லை மண்ணின் நுண்ணுயிர்கள் அதை விரைவில் சிதைத்துச் செரித்துவிடும். குளிர்ந்த, ஈரமான, மூடிய அறைத் தொட்டியில் அது நாற்றத்தையும் சிறு ஈக்களையும்தான் தரும். அரிசி களைந்த தண்ணீருக்கும் இதே விதி.

மே மாதக் கடைசியில், இரவின் குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்காத நிலை வந்ததும் தொட்டியை வெளியே கொண்டு போகலாம். முதல் வாரம் முழு நிழல், அடுத்த வாரம் காலை வெயில் மட்டும், பிறகே திறந்த வெயில். நுனிகளைக் கிள்ளிவிட்டு, துளிர் கண்ட பிறகு உரத்தைத் தொடங்கலாம். பனிக்காலத்தில் விளக்கடியில் முளைத்த மெல்லிய இலைகளில் சில, இவ்வளவு கவனித்தும் வெயில் பட்டு வெளுத்து விழும். அவை நிழலுக்காகச் செய்யப்பட்ட இலைகள். அதற்காகத் தொட்டியை மறுபடி வீட்டுக்குள் தூக்கி வர வேண்டாம். வெயிலுக்கான இலைகள் அடுத்த கணுவிலிருந்து வரும்.